ஊசியிலை இல்லாத ஊசியிலை மரம்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இன்று செங்கற்சூளை ஒன்றேனும் இல்லை. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தபின், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப வேண்டும் என்னும் ஆணை பிறந்தது. அதற்கு வேண்டிய செங்கல் இங்குச் சுடப்பெற்றது. ஊருக்கு அப்பெயர் அமைந்தது. சூளை மறைந்தும் பெயர் மறையவில்லை. அதே வட்டாரத்தின் தலைமைச் சாலையோ பிரிக்பீல்ட்ஸ் சாலை என்னும் பழம்பெயரை நீத்துத் துன் சம்பந்தன் சாலை ஆயிற்று. ஓரிடத்தில் காரணம் போனபின்னும் காரணப்பெயர் நிற்கிறது. மற்றோரிடத்தில் காரணப்பெயர் போய் ஒரு பெருமகனின் பெயர் வந்து அமர்ந்திருக்கிறது. மரங்களுக்குப் பெயரிடும் முறையிலும் இவ்விரு நிகழ்ச்சிகளும் உண்டு. அவை ஒரே மரத்தின் வரலாற்றில் நிகழ்ந்திருப்பதை இவ்வுரையில் காண்போம்.

நாம் எடுத்துக்கொண்ட மரத்தின் இன்றைய அறிவியற்பெயர் நாகெயா வாலிச்சியானா என்பது. மொழி பயில்வோர்க்கு இம்மரத்தின்பால் தனி ஈடுபாடு தோன்றுதற்குக் காரணம் உண்டு. தமிழ்முனிவன் இருக்கையெனப் போற்றப்பெறும் பொதிகையை உள்ளிட்ட அகத்தியமலைத் தொடரில் அது இயற்கையாக வளர்கிறது. நம் தீபகற்ப மலேசியாவின் காடுகளிலும் வளர்கிறது. வடகிழக்கு இந்தியா, மியன்மார், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் எனப் பரந்து நியூகினி வரை செல்வது அதன் வாழிடம். தென்னிந்தியாவிற்கு உரிய கூம்புத் தாவரம் இஃதொன்றே. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காணும் பைன், சைப்பிரசு முதலியவை பிற்காலத்தில் கொணர்ந்து நடப்பெற்றவை. ஆகவே தமிழகம், மலேசியா ஆகிய இரு நிலத்துத் தமிழரும் தத்தம் மலையில் கண்டு உரிமை பாராட்டத்தக்க கூம்புத் தாவரம் ஒன்று உண்டெனின் அது இதுவே.

அதன் உருவத்தை முதலில் அறிந்துகொள்வோம். முப்பது மீட்டருக்கு மேலும் உயரும் பெருமரம். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. இலைகள் எதிரெதிராக இணைந்திருக்கும்; ஒவ்வொன்றும் நம் விரலளவு நீண்டு, மூன்று நான்கு சென்டிமீட்டர் அகன்று, தோல்போல் தடித்துப் பளபளக்கும். மாவிலையிலும் பலாவிலையிலும் நடுவே ஓடும் நரம்பு இதில் இல்லை. அடிமுதல் நுனிவரை பல நுண்ணிய நரம்புகள் ஏறத்தாழ ஒருபோகாய் ஓடும். பெண்மரத்தில் காம்பின் நுனி சதைப்பற்றோடு பருத்து, அதன்மேல் உருண்டை வடிவில் ஒரு விதை அமர்ந்திருக்கும். பார்ப்பவர் அதனைக் கனியென்றே கொள்வர். பூவில் சூலகம் முதிர்ந்து உண்டாவதே கனியாதலின் இது கனியாகாது; சூலகமே இல்லாத திறந்தவிதைத் தாவரத்தின் விதை, சதையுறை ஒன்றைப் போர்த்து நிற்கும் நிலை இது.

இவ்விடத்தில் நம் பாடநூல் வழக்கொன்று இடர்ப்படுகிறது. கூம்புத் தாவரங்களை ‘ஊசியிலை மரங்கள்’ என்று வழங்கிவருகிறோம். வடபுலத்துக் குளிர்நிலங்களில், பைனும் ஸ்புரூசும் நிறைந்த காடுகளை நோக்கி அமைந்த சொல் அது. சைபீரியாவின் தைகாக் காட்டை ஊசியிலைக் காடு என்று புவியியல் நூல் கூறுமாயின் அதில் பிழை ஏதும் இல்லை. அச்சொல்லையே தாவரவியலுக்குக் கொண்டுவந்து ஒரு பெரும்பிரிவின் பெயராக்கினால், நம் மலையில் நிற்கும் மரம் பெயருக்குப் புறம்பாகிவிடுகிறது. நாகெயாவின் இலையில் ஊசியைக் காண இயலாது. நம் நாட்டின் மற்றொரு பெருங்கூம்புத் தாவரமாகிய டாமார் மின்யாக்கின் இலையும் அகன்றதே. தீபகற்ப மலேசியாவின் இயற்கைக் காட்டில் பைன் மரமோ அறவே இல்லை. இங்குக் காணும் பைன் தோப்புகள் மனிதர் வைத்தவை.

இதன் மறுபக்கம் இன்னும் வேடிக்கையானது. போர்ட்டிக்சன் கடற்கரையில் வரிசையாக நிற்கும் ரூ மரத்தை, அதாவது நம் சவுக்கை, மாணவரிடம் காட்டி வகைப்படுத்தச் சொன்னால், ‘ஊசியிலை மரம்’ என்று தயங்காமல் எழுதுவர். மெல்லிய பசிய ஊசிகள் தொங்குகின்றன. சிறு கூம்புபோன்ற காய்களும் உள்ளன. ஐயத்திற்கு இடம் ஏது? ஆயினும் சவுக்கு பூக்கும் தாவரம். ஊசியெனத் தோன்றுபவை இலைகள் அல்ல, கணுக்கள் உடைய மெல்லிய சிறுகிளைகள். உண்மையான இலைகள் அக்கணுக்களைச் சுற்றி நுண்ணிய செதில்களாகச் சுருங்கியிருக்கின்றன. எனவே ‘ஊசியிலை’ என்னும் சொல், உள்ளே இருக்கவேண்டிய நாகெயாவை வெளியே தள்ளி, வெளியே இருக்கவேண்டிய சவுக்கை உள்ளே அழைக்கிறது. ஒரு கலைச்சொல் இவ்வளவு தலைகீழாகப் பணி செய்வது அரிது. பிழையான விடையெழுதும் மாணவனை நாம் குறைகூறல் ஆகாது; அவன் சொல்லை நம்பினான், அவ்வளவே. ‘பசுமை மாறா மரம்’ என்னும் அடைமொழியும் அத்தகையதே. மற்ற மரங்கள் பனிக்காலத்தில் இலையுதிர்க்கும் நாட்டில்தான் அது கூம்புத் தாவரத்தைப் பிரித்துக் காட்டும். நம் மழைக்காட்டிலோ பெரும்பாலான மரங்கள் பசுமை மாறாதவை.

இனி, அறிவியற்பெயரின் வரலாற்றுக்கு வருவோம். நன்னூல் பயின்றோர் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும், அவ்விரண்டையும் பொது என்றும் சிறப்பு என்றும் பகுத்தறிவர். மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர். பனை என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். 1753ஆம் ஆண்டில் லின்னேயசு தாவரங்களுக்கு நிலைப்படுத்திய இருசொற்பெயர் முறையிலும் முதற்சொல் பேரினத்தைப் பொதுவாகச் சுட்டும். இரண்டாம் சொல் அதனுள் ஓர் இனத்தைச் சிறப்பாகச் சுட்டும். இரண்டும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. பவணந்தியார் மொழியில் உள்ள பெயர்களை ஆராய்ந்தார். லின்னேயசு பெயர்களைப் படைத்தார். எனினும் வகுப்பில் இருசொற்பெயரை விளக்குதற்கு நன்னூலைவிட எளிய வாயில் தமிழாசிரியர்க்கு இல்லை.

நம் மரத்திற்கு முதலில் பெயரிட்டவர் நத்தானியேல் வாலிச். டென்மார்க்கில் பிறந்து, கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவராக நெடுங்காலம் பணியாற்றியவர். 1822இல் அவர் சிங்கப்பூர் வந்தபோது, ராபிள்சின் விருப்பப்படி அங்கு முதல் தாவரத் தோட்டம் அமைய வழிவகுத்தார் என்பது நம் வட்டாரத்தோடு அவருக்குள்ள தொடர்பு. 1830இல், ஆசியாவின் அரிய தாவரங்களைப் பற்றிய தம் பெருநூலில் இம்மரத்தைப் படத்தோடு வெளியிட்டு, போடோகார்ப்பசு லாட்டிஃபோலியா எனப் பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் ‘போடோ’ என்பது கால், ‘கார்ப்போசு’ என்பது கனி. விதையைத் தாங்கும் பருத்த காம்பை நோக்கி அமைந்தது பேரினப்பெயர். இலத்தீனில் ‘லாட்டிஃபோலியா’ என்றால் அகன்ற இலையுடையது. காம்பையும் சொல்லி இலையையும் சொல்லும் இப்பெயரைவிடப் பொருத்தமான காரணப்பெயர் இம்மரத்திற்கு வாய்த்தல் அரிது. கேட்டவுடன் மரம் கண்முன் நிற்கும்.

ஆனால் அப்பெயர் நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் வளரும் வேறொரு மரத்தைத் துன்பெர்க் என்னும் சுவீடன் நாட்டறிஞர் 1800இல் டாக்சசு லாட்டிஃபோலியா என்று குறித்திருந்தார். அது 1825இலேயே போடோகார்ப்பசு பேரினத்திற்கு மாற்றப்பெற்றுவிட்டது. எனவே வாலிச் பெயரிடுவதற்கு ஐந்து ஆண்டு முன்னரே அப்பெயர் வேறொரு மரத்திற்கு உரியதாயிற்று. அம்மரம் இன்று தென்னாப்பிரிக்காவின் தேசிய மரம். ஒரே பேரினத்துள் ஒரே சிறப்புப்பெயரை இரு மரங்கள் தாங்குதல் கூடாது. முந்தியதே நிற்கும் என்பது விதி. எவ்வளவு அழகிய காரணப்பெயராயினும், பிந்தி வந்தால் இடமில்லை.

பிராகு நகரத்துத் தாவரவியலாளர் கரெல் பிரெசல் இச்சிக்கலை 1844ஆம் ஆண்டு நூலில் தீர்த்துவைத்தார். வாலிச்சின் மரத்திற்கு அவர் பெயரையே அடையாக்கி, போடோகார்ப்பசு வாலிச்சியானசு என்றார். இப்பெயரில் மரத்தைப் பற்றிய செய்தி ஏதும் இல்லை. காரணம் உண்டு, ஆனால் அக்காரணம் மரத்தில் இல்லை, அதனை விவரித்த மனிதரிடம் இருக்கிறது. மரத்தை மட்டும் நோக்குவோர்க்கு அஃது இடுகுறியே. துன் சம்பந்தன் சாலையும் நடப்போர் காலுக்கு அத்தகையதன்றோ! தாவரப் பெயரிடல் விதி இதில் உறுதியாக நிற்கிறது: பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பெயரை நீக்கலாகாது; பொருந்துகிறது என்பதற்காக மட்டும் ஒரு பெயரை நிறுத்தலுமாகாது. பெயரின் முதற்கடமை விளக்குவது என்று எண்ணிப் பழகிய தமிழ் உள்ளத்திற்கு இது சற்றுக் கடுமையாகவே தோன்றும். கலைச்சொல் ஆக்கத்தில் காரணம் தேடித் தேடியே நாம் பல சொற்களை நீளச் செய்துவிட்டோம் என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

வரலாறு இத்துடன் முடியவில்லை. 1891இல் செர்மானியரான ஓட்டோ குன்ட்ஸே, முந்தியதே நிற்கும் என்னும் விதியை எல்லைவரை இழுத்துச்சென்று பல்லாயிரம் தாவரங்களின் பெயரை மாற்றி ஒரு நூல் வெளியிட்டார். போடோகார்ப்பசு என்னும் பேரினப்பெயர் 1807இல் வந்தது. நாகெயா என்னும் பெயரைக் கேர்ட்னர் 1788இலேயே வெளியிட்டிருந்தார். ஆகவே போடோகார்ப்பசு இனங்கள் அனைத்தும் நாகெயா ஆகவேண்டும் என்றார் குன்ட்ஸே. நம் மரம் நாகெயா வாலிச்சியானா ஆயிற்று. தாவரவியலார் கொதித்தெழுந்தனர். வழங்கிவரும் பெயர்களையெல்லாம் விதியின் பெயரால் தூக்கியெறிந்தால் அறிவியல் எங்ஙனம் நடக்கும்? 1905இல் வியன்னாவில் கூடிய அனைத்துலக மாநாடு, மரபாகிவிட்ட பேரினப்பெயர்கள் சிலவற்றை முந்துரிமை விதியினின்று விலக்கிக் காக்கும் பட்டியலை ஏற்றது. போடோகார்ப்பசு இவ்வாறு பாதுகாப்புப் பெற்ற பெயர்களுள் ஒன்று. வழக்கு ஒருபுறமும் விதி மறுபுறமும் நின்றால் யாது செய்வது என்பது இலக்கண ஆசிரியர்க்குப் புதிய வினாவன்று. விதியைக் கைவிடாமலே விலக்கை எழுதிவைத்த அம்மாநாட்டின் தீர்வு நம் உரையாசிரியர்க்கும் உவப்பாக இருந்திருக்கும்.

அதனால் குன்ட்ஸேயின் பெயர் புறந்தள்ளப்பட்டுக் கிடந்தது. பின்னர் 1969இல் டி லாபன்ஃபெல்சு என்னும் அமெரிக்க அறிஞர், நடுநரம்பற்ற அகன்ற இலையுடைய இம்மரங்கள் மற்றப் போடோகார்ப்பசு மரங்களினின்று வேறான பேரினம் என்று துணிந்து, டெக்குசோகார்ப்பசு என்னும் புதுப்பெயரின் கீழ்க் கொண்டுவந்தார். இலைகள் குறுக்காக இணைந்தமைதலைச் சுட்டும் காரணப்பெயர் அது. ஆனால் இம்மரங்களைத் தனியே பிரித்தபின், நாகெயா என்னும் பழம்பெயரைத் தடுத்து வைத்திருந்த காவல் நீங்கிவிடுகிறது. போடோகார்ப்பசோடு மோதும்போது மட்டுமே நாகெயா விலக்கப்பட்ட பெயர். இப்போது மோதல் இல்லை. ஆகவே புதுப்பெயர் மிகையாயிற்று. 1987இல் அவரே நாகெயாவை மீட்டுத் திருத்தம் எழுதினார். ஒருகாலத்தில் எள்ளப்பட்ட குன்ட்ஸேயின் பெயர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின் முறையான பெயராக வந்து நின்றது. இரண்டாம் முறையாக ஒரு நல்ல காரணப்பெயர் தோற்றதும் இங்குதான்.

நாகெயா என்பதைக் கேட்டு நாகத்தை நினைப்போர் உளர். தொடர்பில்லை. யப்பானில் இப்பேரினத்தைச் சார்ந்த மரமொன்றுக்கு ‘நாகி’ என்பது நாட்டுப்பெயர். கோயில் வளாகங்களில் வளர்க்கப்பெறுவது. நன்னம்பிக்கை முனையின் மரத்திற்குப் பெயரிட்ட அதே துன்பெர்க்கே யப்பானுக்கும் சென்று 1784இல் அந்த நாகி மரத்தையும் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர். நம் மரத்தின் முதற்பெயரைப் பறித்ததிலும் இன்றைய பெயருக்கு வேரளித்ததிலும் ஒருவர் கையே இருப்பது வியப்பு.

முழுப்பெயரை எழுதுங்கால் நாகெயா வாலிச்சியானா (பிரெசல்) குன்ட்ஸே என எழுதுவர். பிறைக்கோட்டுள் இருப்பவர் சிறப்புப்பெயரை முதலில் இட்டவர். வெளியே இருப்பவர் அதனை இன்றைய பேரினத்தில் சேர்த்தவர். மாணவர் இதனை அணியென்று எண்ணி விட்டுவிடுதல் கூடாது; மேலே நாம் விரித்துரைத்த வரலாற்றின் சுருக்கம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. வாலிச்சியானசு என்பது வாலிச்சியானா ஆனதையும் நோக்குக. போடோகார்ப்பசு இலத்தீனில் ஆண்பாலாகக் கொள்ளப்படும், நாகெயா பெண்பால். எழுவாயின் பாலுக்கேற்ப வினைமுற்றின் ஈறு மாறும் மொழியைப் பேசும் நமக்கு, பேரினத்தின் பாலுக்கேற்ப அடைமொழியின் ஈறு மாறுவதில் அயன்மை தோன்றாது. இதில் வாலிச்சே ஒரு வழக்காற்றைப் பின்பற்றினார்: மரப்பெயர்கள் இலத்தீனில் பெரும்பாலும் பெண்பால் ஆகையால் அவர் லாட்டிஃபோலியா என்றே எழுதினார். பின்னையோர் கார்ப்பசு என்னும் ஈற்றை நோக்கி லாட்டிஃபோலியசு என்று ஆண்பாலாக்கினர்.

இத்தனை மாற்றங்களுக்குப்பின் இப்பெயரால் பயன் என்ன என்று வினவலாம். நம் நாட்டு மரவணிகத்தில் ‘போடோ’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. போடோகார்ப்பசின் தலையை மட்டும் வெட்டி எடுத்த சொல் அது. ஆனால் அப்பெயரில் விற்கப்படும் பலகை போடோகார்ப்பசாகவும் இருக்கலாம், நாகெயாவாகவும் இருக்கலாம், அவற்றின் உறவான வேறு பேரினமாகவும் இருக்கலாம். பலகை வாங்குவோர்க்கு அது போதும். எந்த மரம் எந்த மலையில் குறைந்துவருகிறது என்று கணக்கெடுப்போர்க்குப் போதாது. தமிழகத்து வனக்காவலர் குறிப்பையும் மலேசியக் காட்டாய்வாளர் குறிப்பையும் ஒப்பிட்டு, இஃது ஒரே மரம் என்று சொல்ல இன்று நமக்குள்ள பாலம் அந்த இரண்டு இலத்தீன் சொற்களே.

டாமார் மின்யாக்கையும் இவ்விடத்தில் கூறிவிடுதல் நலம். அதன் பேரினப்பெயர் அகாத்திசு. கிரேக்கத்தில் நூற்பந்து என்று பொருள். உருண்டையான அதன் கூம்பைக் கண்டோர் பெயரின் பொருத்தத்தை மறுக்கார். ‘டாமார்’ என்பது பிசினைக் குறிக்கும் மலாய்ச்சொல். ஐரோப்பியர் வாயிலாக உலக வணிகத்தில் பரவிய அச்சொல், தமிழர் குங்கிலியம் என்று வழங்கும் வெவ்வேறு மரப்பிசின்களுக்கும் ஆங்கிலத்தில் பெயராயிற்று. நாகெயாவின் இலையும் அகாத்திசின் இலையும் பார்வைக்கு மயக்கம் தருவன. பட்டையைக் கீறினால் பிசின் வழிவதும், முதிர்ந்த கிளையில் உருண்டைக் கூம்பு இருப்பதும் அகாத்திசின் அடையாளம்.

நாட்டுச்சொற்கள் அறிவியற்பெயராக ஏறுவதற்குத் தடையொன்றும் இல்லை என்பதற்கு முருங்கையே சான்று. மொரிங்கா என்னும் பேரினப்பெயர் முருங்கையின் இலத்தீன் வடிவமே. பாவட்டையும் பவெட்டா என ஏறியிருக்கிறது. நம் மலைமரத்திற்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. எனினும் தமிழ்ப்பெயர் இல்லாமலில்லை. திருநெல்வேலி மலைகளில் வழங்கிய பெயரை ஆங்கிலேயர் காலத்து வனநூல்கள் உரோமன் எழுத்தில் பதிந்துள்ளன. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் ‘நிரம்பலி’ என்று வரும். ஆனால் உரோமன் எழுத்து ரகர றகர வேற்றுமையைக் காட்டாது. லகர ளகர வேற்றுமையைக் காட்டாது. அகரம் குறிலா நெடிலா என்பதையும் காட்டாது. அச்சொல்லில் அகரம் இருமுறை வருகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், அந்த ஒரு பதிவைத் தமிழில் குறைந்தது பதினாறு வகையாக எழுதலாம். நிறம்பாலி என்று எழுதி நிறத்தைக் காண்பாரும் உண்டாகலாம். முதலெழுத்தையும் திருத்தி ‘நரம்பு’ என்னும் சொல்லைக் காண ஆசையுறுவாரும் உண்டாகலாம். நரம்பே சிறப்பாக அமைந்த இலையாதலின் அவ்வாசை வலியது. வலியது என்பதனாலேயே அதனை ஐயுறல் வேண்டும். எழுத்தைப் பொருளுக்கேற்ப வளைத்தபின் பொருளை எழுத்திற்குச் சான்றாகக் காட்டுதல் சொல்லாராய்ச்சி ஆகாது. மலையில் வாழ்வார் வாயினின்று ஒலியைக் கேட்டுத் தமிழெழுத்தில் பதிதலே இதற்கு வழி. தமிழ்நாட்டுக் கல்லூரிகளோடு தொடர்புடைய நம் மாணவர் யாரேனும் அப்பணியை மேற்கொள்ளலாம். ஒரு சொல்லுக்காக மலையேறுதல் தகும்.

கலைச்சொல்லைப் பொறுத்தமட்டில் எம் கருத்து இது. ‘ஊசியிலைக் காடு’ என்பதைப் புவியியலுக்கு விட்டுவிட்டு, தாவரப் பிரிவிற்குக் ‘கூம்புத் தாவரம்’ என்பதையே பள்ளிகளில் வழங்கலாம். நாகெயாவில் கூம்பு எங்கே என்று மாணவன் கேட்பான், கேட்கவேண்டும். பெண்மரத்தின் பருத்த காம்பும் ஒற்றை விதையும் சேர்ந்ததே மிகச் சுருங்கிய கூம்பு என்று ஆசிரியர் விடை கூறலாம். கூம்பு என்னும் சொல் விதை தாங்கும் உறுப்பைப் பற்றி நிற்கிறது. அவ்வுறுப்பே இப்பிரிவின் இலக்கணம். இலையின் வடிவமோ நிலத்துக்கு நிலம் மாறுவது.

கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் இரயிலேறினால் கெப்போங் வட்டாரம் தொலைவில்லை. அங்குள்ள மலேசிய வன ஆய்வு நிறுவனத்தின் வளாகத்தில் கூம்புத் தாவரங்களுக்கெனத் தனித் தோப்பொன்று உண்டு. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், உதிர்ந்து கிடக்கும் அகன்ற இலையொன்றை எடுத்து ஒளிக்கு எதிரே பிடித்து நடுநரம்பைத் தேடச் சொல்லலாம். அதன்பின் மரத்தில் மாட்டியுள்ள பெயர்ப்பலகையில் பிறைக்கோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.